ஒரு தலைமுறைக்கு ஒரே ஒரு மாயக்கதைன்னா உங்க ஓட்டு எதுக்கு?

#1 நிலாச்சோறு

நேத்து ஆபீஸ்ல மதியச் சாப்பாட்டு நேரத்துல ஆரம்பிச்ச சண்டை இன்னும் ஓயல. எங்க மேனேஜருக்கு அம்பத்தஞ்சு வயசு. "ஸ்டார் வார்ஸ் மாதிரி ஒரு தலைமுறையையே கட்டிப்போட்ட கதை வேற கிடையாது"ன்னார். புதுசா சேர்ந்திருக்கிற பொண்ணு டிபன் பாக்ஸ்லேர்ந்து தலையைத் தூக்காமலே, "நீங்க அதை எப்ப சார் பாத்தீங்க?"ன்னா. 2005ல டிவிடி வாங்கிப் பாத்தாராம். "முப்பது தாண்டிப் பாத்தது எப்படி சார் உங்க தலைமுறைக் கதையாகும்?" மேனேஜர் பதில் சொல்லாம ரசம் ஊத்திப் பிசைய ஆரம்பிச்சுட்டார்.

அதான் இங்க கொண்டுவந்துட்டேன். மந்திரம், விண்வெளி, மாயாவி, ரோபோ எதுவா இருந்தாலும் சரி. ஒரு தலைமுறைக்கு அடையாளம்னு ஒண்ணே ஒண்ணு சொல்லணும், ஏன்னும் சொல்லணும். பொன்னியின் செல்வனை யாரும் இழுக்காதீங்க. அது சரித்திரக் கதை, அதுக்குத் தனி இழை நாலு வருஷமா ஓடிக்கிட்டிருக்கு.

என் ஓட்டு ஹாரி பாட்டருக்கு. நான் 86ல பொறந்தவ. முதல் புத்தகம் 1997 ஜூன்ல வந்தப்போ கதையில அவனுக்குப் பதினொண்ணு, எனக்கும் பதினொண்ணு. கடைசிப் புத்தகம் 2007 ஜூலை 21. அன்னைக்கு விடிகாலையில சென்னையில ஒரு கடை வாசல்ல வரிசையில நின்னேன், எனக்கு 21. ஒரு பையன்கூடவே பத்து வருஷம் வளர்ந்திருக்கேன். வேற என்ன வேணும்?

#2 மூவாயிரம்

மார்வெல். இழையை மூடிடலாம்.

#3 தர்க்கம்

எது பிடிக்கும் என்பது ஒரு கேள்வி. எது ஒரு தலைமுறைக்கு அடையாளம் என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கினால் இருபது பக்கம் ஓடும், ஒன்றும் தேறாது.

முதலில் நிலாச்சோறுக்கு: 1997இல் அந்த முதல் புத்தகம் கெட்டி அட்டையில் அச்சானதே 500 பிரதிகள். அதில் 300 அங்குள்ள நூலகங்களுக்குப் போய்விட்டன. உங்கள் கைக்கு எப்போது வந்தது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

என் அளவுகோல் ஒன்றுதான். கதையைத் தொடாதவன் வாயிலும் அதன் சொல் புழங்க வேண்டும். 1983 மார்ச்சில் ரீகன், சோவியத் ஏவுகணைகளை வானத்திலேயே மறிக்கும் திட்டம் ஒன்றை அறிவித்தார். எதிர்த்தரப்பு அதற்கு வைத்த பட்டப்பெயர் "ஸ்டார் வார்ஸ்". படம் வந்து ஆறே ஆண்டு ஆகியிருந்தது. அந்த இரண்டு சொல்லைக் கேட்டதும் என்ன நக்கல் என்று நாட்டுக்கே புரிந்தது. 2014இல் தாய்லாந்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது எதிர்த்து நின்ற இளைஞர்கள் மூன்று விரலை உயர்த்தினார்கள். ஹங்கர் கேம்ஸ் என்ற படத்தில் வரும் சைகை அது. 2021இல் மியான்மரிலும் அதே மூன்று விரல். அதை உயர்த்திய எத்தனை பேர் அந்தப் படத்தைப் பார்த்திருப்பார்கள்? பார்க்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. நான் சொல்வது அதைத்தான்.

ஸ்டார் டிரெக் தொலைக்காட்சியில் ஓடியது 1966 முதல் 69 வரை, மொத்தம் 79 பகுதிகள். ஆள் சேரவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். ஆனால் ரசிகர்கள் கடிதம் எழுதியே 1976இல் நாசாவின் முதல் விண்ணோடத்துக்கு அந்தக் கதையின் கப்பல் பெயரான "என்டர்பிரைஸ்" என்பதை வைக்கச் செய்தார்கள். (அந்த ஓடம் கடைசிவரை விண்வெளிக்குப் போகவே இல்லை, காற்றுமண்டலத்தில் சோதனைப் பறப்போடு சரி. அவர்கள் ராசி அப்படி.)

ஆக, மேனேஜர் சொன்ன கதை சரி, ஆள்தான் தப்பு. அது 1977 கிறிஸ்துமஸுக்குக் காலி அட்டையைப் பரிசாக வாங்கிய அமெரிக்கப் பிள்ளைகளின் தலைமுறை.

#4 நிலாச்சோறு

2000ல வந்துச்சு. ஒத்துக்கறேன். அப்போ எனக்கு 14, ஹாரிக்கு 11. இப்ப சந்தோஷமா?

அது என்ன காலி அட்டை?

#5 தர்க்கம்

படம் 1977 மே 25 அன்று வெளியானது. அப்படி ஓடும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, பொம்மை செய்யும் உரிமையை வாங்கியிருந்த கென்னர் நிறுவனம் உட்பட. டிசம்பருக்குள் பொம்மைகளை வார்த்து முடிக்க முடியாது என்று தெரிந்ததும், "பொம்மை பிறகு வரும்" என்று ஒரு சீட்டை அட்டை உறைக்குள் வைத்து விற்றார்கள். பெற்றோர் காசு கொடுத்து அதை வாங்கி கிறிஸ்துமஸ் மரத்தடியில் வைத்தார்கள். பொம்மைகள் 1978இல் தபாலில் வந்தன. அந்தச் சீட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு இரண்டு மூன்று மாதம் தபால்காரனுக்காகக் காத்திருந்த பையன்தான் ஸ்டார் வார்ஸ் தலைமுறை. டிவிடியில் பார்த்தவர் அல்ல.

ஜப்பானுக்குப் போனால் பதில் இன்னும் தெளிவு. 1954 மார்ச் 1 அன்று பிகினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல், ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் விழுந்தது. படகில் 23 பேர். வானொலி இயக்குபவர் செப்டம்பரில் இறந்துபோனார். நவம்பர் 3 அன்று, ஹைட்ரஜன் குண்டுச் சோதனையால் கிளம்பிவரும் ராட்சத விலங்கின் கதையான காட்ஸில்லா திரையில் வந்தது. அந்தப் படமே ஒரு படகு கடலில் பற்றி எரிவதோடுதான் தொடங்கும். அரங்கில் இருந்தவர்களுக்கு யாரும் எதையும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

#6 அச்சுமை

தம்பிமாரே, 1977க்கு ஏன் போறீங்க. எங்க சிவகாசியில 1972லயே வந்தாச்சு. முத்து காமிக்ஸ் முதல் இதழ், "இரும்புக்கை மாயாவி".

எனக்கு இப்ப 61. பைண்டிங் பட்டறை வச்சிருக்கேன். எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வந்தப்போ வீட்டுல இருந்தது ரெண்டு புத்தகம், ஒண்ணு பஞ்சாங்கம், இன்னொண்ணு மாயாவி. கதை தெரியாதவங்களுக்குச் சொல்றேன். லூயிஸ் கிராண்டேலுக்கு ஆராய்ச்சிக்கூட விபத்துல ஒரு கை போயிரும், இரும்புக்கை மாட்டிவிடுவாங்க. அந்தக் கையை மின்சாரத்துல வச்சா உடம்பு பூரா மறைஞ்சிரும், இரும்புக்கை மட்டும் அந்தரத்துல நிக்கும். அந்தக் கை தனியா ஒரு கதவைத் தொறக்குற படம் இருக்கே, அதைப் பாத்துட்டு ராத்திரி ஒண்ணுக்குப் போகமாட்டேன்.

எங்க அண்ணன் ஒருநாள் அடுப்படியில இருந்து இடுக்கியை எடுத்துட்டு வந்தான். வலது கையில துணியைச் சுத்தி இடுக்கியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, "நான் மறைஞ்ச பிறகு எங்க இருக்கேன்னு கண்டுபிடி"ன்னு சொல்லிட்டு ப்ளக் பாயிண்டுல சொருகிட்டான். அண்ணன் மறையல. வீடுதான் இருட்டாயிருச்சு. பீஸ் கட்டை கருகி வாடை. அவன் சுவரோரமா உக்காந்துக்கிட்டு, "டேய், நான் தெரியுறனா?"ன்னு கேக்குறான். இருட்டுல நான் என்னன்னு சொல்ல. தெரியலன்னுதான் சொன்னேன். ஒரு நிமிசம் அவன் சிரிச்ச சிரிப்பு இருக்கே! அப்பா வந்து பீஸ் கட்டுற வரைக்கும் எங்க அண்ணன் மாயாவிதான். அதுக்கப்புறம் விளக்குமாறு.

அது லண்டன்ல 1962ல "வேலியண்ட்"ங்கிற பத்திரிகையில வந்த கதை, படம் வரைஞ்சவர் ஸ்பெயின்காரர்ங்கிறதெல்லாம் அம்பது வயசுக்கு மேலதான் தெரிஞ்சது. அதுவரைக்கும் மாயாவியை எங்க ஊர்க்காரன்னுதான் நினைச்சிருந்தேன்.

#7 தர்க்கம்

ஐயா, கதை பிரமாதம். ஆனால் காமிக்ஸ் படிக்காதவர் வாயில் மாயாவி புழங்கினாரா?

#8 அச்சுமை

எங்க அப்பா புழங்கினார். "மாயாவிப் பயலே"ன்னுதான் கடைசி வரைக்கும் அண்ணனைக் கூப்பிட்டார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

#9 கருப்பு_வருது

90கள்ல தமிழ்நாட்டுல வளர்ந்தவனுக்கு ஒரே பதில்தான்: மர்மதேசம், அதுலயும் "விடாது கருப்பு". சன் டிவியில வாரம் ஒருநாள். குதிரைச் சத்தம் கேட்டா எங்க தெருவுல எல்லா வீட்டுலயும் ஒரே நேரத்துல கதவு சாத்துவாங்க. வெளிநாட்டுச் சரக்கு கிடையாது, டப்பிங் கிடையாது. நம்ம ஊரு சாமி, நம்ம ஊரு பயம். ஆனா கடைசியில கருப்பா வர்றது யாருன்னா...

#10 மட்டுறுத்துநர்

மேலே இருந்த வரி நீக்கப்பட்டது. இருபத்தஞ்சு வருஷம் ஆனாலும் முடிவைச் சொல்லக்கூடாது. எங்க வீட்டுல இப்பத்தான் யூடியூப்ல பாத்துட்டிருக்கோம்.

#11 நிலாச்சோறு

மாயக்கதைன்னு கேட்டா மர்மக்கதையைக் கொண்டுவர்றீங்களே. சக்திமான்னு யாராவது சொல்லுவீங்கன்னு காத்திட்டிருந்தேன். 1997ல அதுவும்தான் வந்துச்சு. பாவாடையைக் கையில பிடிச்சுக்கிட்டு சுத்தி விழாத பிள்ளை உண்டா? ஒவ்வொரு வாரமும் கடைசியில ஒரு புத்திமதி, அதுக்குக் குழந்தைங்க "சாரி சக்திமான்" சொல்லணும். எனக்கு அந்தப் பகுதியைக் கண்டாலே ஆகாது.

#12 முருங்கைமரம்

ஓய்வுபெற்ற தமிழாசிரியை. தர்க்கம் தம்பி ஒரு அளவுகோல் வைத்தாரே, அதில் யாரும் எட்டாத உயரத்தில் நிற்பது ஒன்றுதான். இந்த வாரச் செய்தித்தாளையே எடுங்கள். தேர்தலில் தோற்றவர் திரும்பவும் நிற்கிறார் என்றால் "தன் முயற்சியில் சற்றும் மனம் தளராத விக்கிரமன்" என்று எழுதாத நிருபர் உண்டா? அது அம்புலிமாமாவின் வாசகம். வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறியது என்பதைச் சொல்லாத மாமியார் உண்டா?

1947 ஜூலையில் சென்னையில் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய பத்திரிகை. நாகிரெட்டியும் சக்கரபாணியும் தொடங்கியது. சமஸ்கிருத மூலத்தில் இருப்பது 25 கதைகள். அவை தீர்ந்தபிறகும் வேதாளத்தை விட மனமில்லாமல் புதிது புதிதாகக் கட்டி நூற்றுக்கணக்கில் எழுதினார்கள். ஆனால் ஒவ்வொரு மாதமும் தலைப்புப் படம் மட்டும் அதேதான். வாளை உருவியபடி நடக்கும் அரசன், தோளில் தொங்கும் பிணம். வரைந்தவர் சங்கர், 2020இல் மறைந்தார். சிறுமியாக இருந்தபோது அந்தப் பக்கத்துக்கு வந்தால் இடது உள்ளங்கையால் பிணத்தின் முகத்தை மூடிக்கொண்டுதான் கதையைப் படிப்பேன். கதை முடியும்வரை கை எடுக்கமாட்டேன். அம்மா "கை வியர்வையில் மை ஒட்டுகிறது பார்" என்பார்.

#13 தர்க்கம்

அம்மா, என் அளவுகோலாலேயே என்னை அடித்துவிட்டீர்கள். ஆனால் ஒரு சிக்கல். அந்த வாசகம் என் பாட்டிக்குத் தெரியும், எனக்குத் தெரியும், என் மகளுக்கும் தெரியும். எல்லாருக்கும் சொந்தமானது எந்தத் தலைமுறையைக் காட்டும்? பொங்கல் எந்தத் தலைமுறையின் பண்டிகை என்று கேட்பதுபோல் ஆகிவிடும். அடையாளம் என்றால் அடுத்தவனுக்கு அது புரியாமலும் இருக்க வேண்டும்.

என் அளவுகோலில் பாதியை நானே வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

#14 மூவாயிரம்

முதல் தடவையா தர்க்கம் அண்ணன் வாபஸ் வாங்கிப் பாக்கறேன். ஸ்கிரீன்ஷாட் எடுத்தாச்சு.

#15 பனங்கூடல்

நான் 81இல யாழ்ப்பாணத்தில பிறந்தனான். அம்மா சொன்ன அம்புலிமாமா எங்களுக்கு எல்லாத் தலைமுறைக்கும் பொதுவான சாமான் இல்லை. எங்கட காலத்துக்கு அது ஒண்டுதான் இருந்தது.

90க்குப் பிறகு கரண்ட் இல்லை. பற்றறி (பேட்டரி) உள்ள வரத் தடை. சைக்கிளைத் தலைகீழா நிப்பாட்டி, பெடலைக் கையால சுத்தி, டைனமோவில றேடியோ கேட்ட ஆக்கள் நாங்கள். அதுக்குள்ள சக்திமான் எங்க, ஸ்டார் வார்ஸ் எங்க. ஆரோ ஒரு மாமா முந்தி கட்டிவைச்ச பழைய அம்புலிமாமாக் கட்டு ஒண்டு ஒழுங்கை முழுக்கச் சுத்தும். அட்டை இராது. நடுவில ஒற்றையள் இராது. வேதாளம் கேள்வி கேட்டு, "பதில் தெரிஞ்சும் சொல்லாட்டில் உன்ர தலை சுக்குநூறாகும்" எண்டு சொல்லிற இடத்தோட ஒற்றை கிழிஞ்சு போயிருக்கும். அப்ப நாங்களே விக்கிரமன். குப்பி விளக்கைச் சுத்தி இருந்து ஆளுக்கொரு பதில் சொல்லுவம். ஒருக்கா, மூண்டு பேரில ஆர் உண்மையான புருசன் எண்ட கேள்விக்கு எங்கட அக்காவும் பக்கத்து வீட்டு அன்ரியும் ரெண்டு கிழமை கதைக்காம இருந்தவை.

95 இடப்பெயர்வில அந்தக் கட்டு வீட்டோட நிண்டிட்டுது. 96இல கனடா வந்திட்டம். தம்பி 90இல பிறந்தவன். 99இல ஸ்கார்பரோவில அவன்ர பள்ளிக்கூடத்தில போக்கிமொன் காட் கொண்டுவரக்கூடாது எண்டு வீட்டுக்குக் கடிதம் விட்டவை. அம்மாக்கு வாசிச்சுச் சொன்னது நான்தான். "என்ன காட், சீட்டாடுறானோ" எண்டு அம்மா அழத் தொடங்கிட்டா. ஒரு தாய் வயித்துப் பிள்ளையள், ஒரே அறையில படுத்தனாங்கள். அவனுக்கு வேதாளம் தெரியாது, எனக்கு பிக்காச்சு ஆர் எண்டு அவன்தான் காட்டித் தந்தவன். ஒன்பது வருச வித்தியாசம், ரெண்டு தலைமுறை.

#16 கருப்பு_வருது

அண்ணே, இதுக்கப்புறம் நான் குதிரைச் சத்தத்தைப் பத்திப் பேசமாட்டேன்.

#17 மூவாயிரம்

சரி, மார்வெலுக்கு ஆள் இல்லாததால நானே பேசறேன். 2008ல அயர்ன்மேன், 2019 ஏப்ரல்ல எண்ட்கேம். நடுவுல 11 வருஷம், மொத்தம் 22 படம், ஒரே கதை. எங்க ஊர்ல நாங்க தமிழ்லதான் பாத்தோம். எண்ட்கேமுக்கு மட்டும் அயர்ன்மேனுக்கு விஜய் சேதுபதியைக் குரல் குடுக்கவச்சுட்டாங்க. பத்து வருஷமா வேற குரல்ல கேட்டுப் பழகினவரு சாகப்போற நேரத்துல விஜய் சேதுபதியா பேசறாரு. எனக்கு அழுகையும் வருது, பக்கத்து சீட்டுக்காரன் "அண்ணா பேசறாரு"ன்னு விசிலடிக்கிறான். அந்தக் கலவரம்தான் சார் என் தலைமுறை. எழுதி வச்சுக்கோங்க.

#18 சுட்டி2001

எல்லாரும் பேசி முடிச்சாச்சா? நான் 2001. உளுந்தூர்பேட்டை பக்கம். இதுவரைக்கும் யாரும் சுட்டி டிவின்னு சொல்லவே இல்லைங்கறதைப் பதிவு பண்ணிக்கறேன்.

நிலாச்சோறு அக்கா 2007 ஜூலையில சென்னையில வரிசையில நின்னீங்கல்ல, அதே 2007லதான் சுட்டி டிவி வந்துச்சு. அதுக்கு முன்னாடி வருஷம்தான் கவர்மெண்ட்ல இலவச கலர் டிவி குடுக்க ஆரம்பிச்சிருந்தாங்க. 14 இன்ச். எங்க வீட்டுக்கு வந்த முதல் டிவி அதுதான். அதுவரைக்கும் கார்ட்டூன்னா ஜன்னல் வழியா அடுத்த வீட்டு ஹால், இங்கிலீஷ், புரியாது. இப்ப எங்க வீட்டுலயே, தமிழ்லயே. ஜாக்கி சான் கார்ட்டூன்ல வர்ற ஜாக்கி, ஜேட், அந்தக் கோவக்காரத் தாத்தா எல்லாரும் எங்க தெரு பாஷையில பேசறாங்க. மந்திரத்தை மந்திரத்தாலதான் முறியடிக்கணும்னு அவர் சொல்றதை இப்பவும் என் ஃப்ரெண்ட்ஸ் யாராவது லேப்டாப் ஹேங் ஆனா சொல்லுவாங்க. தர்க்கம் அண்ணாவோட பரீட்சையில இது பாஸ்.

கதையில பன்னெண்டு தாயத்து. எங்க அண்ணன் வச்சிருந்த கேரம் போர்டு காயின்ல பன்னெண்டை எடுத்து, ஸ்கெட்ச் பேனாவால சேவல், பாம்பு, ஆடுன்னு வரைஞ்சு வச்சிருந்தேன். ஆளுக்கு ஒண்ணு எடுக்கணும். பாம்பு எடுத்தா மாயமா மறைஞ்சிடலாம். பாம்பு எடுத்தவன் நேரா வந்து என் கையிலிருந்து தேன்மிட்டாயைப் பிடுங்கித் தின்னுட்டுப் போவான், நாங்க அவனைப் பாக்காத மாதிரியே நிக்கணும். அதுதான் ரூல். அழுகை வந்தாலும் பாக்கக்கூடாது. (அச்சுமை தாத்தா, உங்க அண்ணனுக்கு நான் கண்டிப்பா பாம்புக் காயினைக் குடுத்திருப்பேன்.) அண்ணன் கேரம் ஆட வந்து காயினைப் பாத்துட்டு என்னை என்ன பண்ணினான்னு சொல்லல.

எனக்கு என்ன தோணுதுன்னா, தலைமுறைன்னு நீங்க எல்லாரும் பொறந்த வருஷத்தையே எண்ணிட்டிருக்கீங்க. அக்காவும் எங்க பெரியம்மா பையனும் ஒரே வருஷம், 86. அவருக்கு ஹாரி பாட்டர்னா யாருன்னே தெரியாது, 2007ல அவர் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருந்தாரு. பனங்கூடல் அண்ணா சொன்ன மாதிரிதான். வீட்டுக்குள்ள எது வந்துச்சு, எந்த மொழியில வந்துச்சு, அதுதான் கணக்கு.

#19 நிலாச்சோறு

சுட்டி, இதுக்கு என்கிட்ட பதில் இல்ல. யோசிச்சுப் பாத்தா அன்னைக்கு அந்த வரிசையில நின்ன நாங்க எல்லாருமே ஏதோ ஒரு நாலஞ்சு ஸ்கூல் பிள்ளைங்கதான். ஒருத்தருக்கொருத்தர் எங்கயோ பாத்த முகம். தமிழ்ல ஒருத்தர்கூட பேசினதா ஞாபகம் இல்ல. வீட்டுல தமிழ்தான் எல்லாருக்கும்.

#20 நெல்லைக்காத்து

நாலு நாளா சும்மா வாசிச்சுக்கிட்டுதான் இருந்தேன். இப்ப சொல்லுதேன்.

நான் தமிழ் மீடியம். 2007ல பன்னெண்டாம் வகுப்பு. ஹாரி பாட்டர் ஏழாம் பாகம் எனக்கும் உண்டு, ஆனா வரிசையில நின்னு வாங்கல. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல தார்ப்பாய் விரிச்சுப் போட்டு விப்பாவல்லா, அங்க. கள்ள அச்சு. பேப்பர் சாம்பல் கலர்ல, மறுபக்கத்து எழுத்து இந்தப் பக்கம் தெரியும். பக்கத்துல சிவப்பு அட்டை லிப்கோ டிக்ஷனரியை வச்சுக்கிட்டு ஒரு நாளைக்கு அஞ்சு பக்கம். மந்திரச் சொல்லுக்கும் அர்த்தம் தேடுவேன். அது டிக்ஷனரியில இருக்காதுன்னு எனக்கு யாரும் சொல்லல. ஒரு மாசம் போல தேடிக்கிட்டே கெடந்தேன்.

304ஆம் பக்கம் வரைக்கும் வந்தாச்சு. அடுத்த தாளைத் திருப்புனா 321. நடுவுல ஒண்ணுமே இல்ல. கிழிஞ்ச தடமும் இல்ல.

விஷயம் என்னன்னா, ஹாரியோட கூட்டாளி ரான் அதுக்கு முந்தியே ஹாரிகூட சண்டை போட்டுட்டு ராத்திரியோட ராத்திரியா கோவிச்சுக்கிட்டுப் போயிருதான். 304ல அவன் இல்ல. 321ல பாத்தா ஜம்முன்னு கூடவே இருக்கான். யாரும் எதுவும் கேக்கல, அவனும் சொல்லல. எப்படி வந்தான்? எங்க ஊர்ல அந்தப் புத்தகம் வச்சிருந்த வேற ஆள் எனக்குத் தெரியாது. நெட் சென்டர்ல தேடிப் பாக்கலாம்னு புத்தியும் இல்ல. 2010ல படம் வந்த பொறவுதான் தெரிஞ்சது. மூணு வருசம்.

சுட்டி தங்கச்சி சொன்ன கணக்குல நான் எந்தத் தலைமுறை? அக்கா நின்ன வரிசையிலயும் நான் இல்ல, 14 இன்ச் டிவி வந்தப்போ எனக்குக் கார்ட்டூன் பாக்குற வயசும் இல்ல.

#21 அச்சுமை

தம்பி, 304, 321ன்னு நம்பரைப் பாத்ததுமே தெரிஞ்சு போச்சு. பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். 304ன்னா சரியா 19 ஃபாரம் முடியுது. இருபதாவது ஃபாரம் உங்க புத்தகத்துல சேரல. ஃபாரங்களை வரிசையா அடுக்கி வச்சு, ஒவ்வொண்ணா எடுத்துக்கிட்டே நடந்துபோய் புத்தகமாச் சேர்க்கணும். எடுக்குற பிள்ளைக கண் அசந்தா ஒண்ணு விட்டுப்போகும், இல்லன்னா ஒண்ணே ரெண்டு தடவை வரும். கிழிஞ்ச தடம் இருக்காது. நல்ல பட்டறைன்னா தைக்கிறதுக்கு முந்தி முதுகுல இருக்குற குறியைப் பாத்துருவாங்க. படிக்கட்டு மாதிரி இறங்கிக்கிட்டே வரணும், ஒரு படி காணோம்னா கண்ணுல பட்டுரும். கள்ள அச்சுல யாரு குறி பாக்குறா?

அந்த 16 பக்கத்தை யாராவது ஜெராக்ஸ் எடுத்து அனுப்புங்க. புத்தகத்தையும் அனுப்பு தம்பி. பிரிச்சு, அந்த ஃபாரத்தை நடுவுல வச்சு, திரும்பத் தைச்சு, காலிகோத் துணி அட்டை போட்டுத் தர்றேன். காசு வேண்டாம்.

#22 நிலாச்சோறு

என்கிட்ட அசல் இருக்கு. இன்னைக்கே ஜெராக்ஸ் எடுத்துடறேன். முகவரியைத் தனி மடல்ல அனுப்புங்க.

#23 நெல்லைக்காத்து

ரொம்ப நன்றி அக்கா, நன்றி அண்ணாச்சி. ஆனா வேண்டாம். தப்பா நினைச்சுக்கிடாதீங்க. படம் பாத்தாச்சு, என்ன நடந்ததுன்னும் தெரியும். கையில காசு வந்த பொறவு அசல் புத்தகம் ஏழும் வாங்கிட்டேன், வீட்டுல இருக்கு. அதுலயும் அந்த இடம் வந்தா தாண்டித்தான் போவேன்.

#24 பனங்கூடல்

தம்பி, ஒண்டு கேக்கட்டே. அந்த மூண்டு வருசமும் அவன் எப்பிடித் திரும்பி வந்தவன் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனீர்?

#25 நெல்லைக்காத்து

சிரிக்கக் கூடாது.

ரான் போறதுக்கு முந்தி சாப்பாடு சரியில்லன்னு முணுமுணுத்துக்கிட்டேதான கெடப்பான்? நேரா வீட்டுக்குத்தான் போயிருப்பான்னு வச்சுக்கிட்டேன். அவங்க அம்மா நடையிலயே நிக்கவச்சு ஏசியிருப்பாவ. அப்புறம் உள்ள கூப்பிட்டுச் சோறு போட்டிருப்பாவ. அவன் தின்னுட்டுத் தூங்கியிருப்பான். விடியக்காலம் அவனை எழுப்பி, ஒரு தூக்குச்சட்டியில புளியோதரையைக் கட்டிக் குடுத்து, "மூணு பேருக்கும் இருக்கு, போ"ன்னு அனுப்பியிருப்பாவ. அவன் போனதும் ஹாரி ஒண்ணும் கேக்கல, பசி. அதான் 321ல யாரும் அதைப் பத்திப் பேசல.

#26 மூவாயிரம்

என் ஓட்டை இதுக்கு மாத்திக்கறேன்.

#27 அச்சுமை

புளியோதரைதான் சரி. தயிர்சாதம்னா வழியிலயே புளிச்சிருக்கும்.